கவரோடு வைத்த வேம்பு

முப்பத்தோராவது வேம்பின் தூரில் மண்ணை யாரோ தோண்டி வைத்திருந்தார்கள்.

நாய் பறித்திருந்தால் மண் நாலாபக்கமும் இறைந்து கிடக்கும். இது அப்படியில்லை. கையால் அள்ளி அள்ளி இடது பக்கமாகவே குவித்து, பக்கவேர் ஒன்றுகூட அறாமல் பதனமாகச் செய்த வேலை. சோலையப்பன் தோளிலிருந்த மண்வெட்டியை இறக்காமலே நின்றான். ஜனவரி மாதத்து மூடுபனி ருவைஸ் காலனி ரோட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது. விடிகாலைத் தொழுகைக்கு பஜ்ர் பாங்கு சொல்லி அரைமணி ஆகியும் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ரிபைனரியின் கேஸ் நாற்றமும், பனியில் ஊறிய மணலின் உப்பு வாடையும், பட்டுப்போன வேப்பிலையின் கசப்பும் கலந்து தொண்டைக்குள் இறங்க, தூரத்துப் புகைபோக்கியில் எரிகிற தீயின் செம்மை மட்டும் பனிக்குள் கூடுவதும் குறைவதுமாக இருந்தது.

இந்த நேரத்திலேயே டியூட்டிக்கு வந்துவிட்டானே, அவ்வளவு பொறுப்பா என்று கேட்டால், பொறுப்பும் இல்லை, மண்ணும் இல்லை. பயம். தோட்ட வேலைக்கு அவன்தான் போர்மேன். இந்த ரோட்டில் வைத்த அறுபது வேம்பும் ஏன் ஒவ்வொன்றாய்ப் பட்டுப்போகின்றன என்று கண்டுபிடிக்க, அபுதாபியிலிருந்து பாஸ்கர் சார் ஏழு மணிக்கு வருகிறார். மரங்களின் நோவைப் படித்தவர். வந்ததும் தூரைத்தான் தோண்டச் சொல்வார். தோண்டினால் காரணம் வெளியே வந்துவிடும். அந்தக் காரணம் சோலையப்பனுக்கு நாலு வருசமாகத் தெரியும்.

எண்பத்திரண்டில், திறப்புவிழாவுக்குப் பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்று, அறுபது கன்றையும் ஒரே நாளில் நடச் சொன்னார்கள். யல்லா யல்லா, சீக்கிரம் என்று தலைமாட்டில் நின்று ஒருத்தன் கத்துகிறான். கன்றெல்லாம் கறுப்புப் பிளாஸ்டிக் கவரில் இருந்தது. கவரைக் கிழித்தால் மணல் பொலபொலவென்று உதிர்ந்து கன்று சாய்கிறது.

"கவரோடயே வைங்கப்பா, எவன் வந்து பாக்கப்போறான்" என்று சொன்னது சோலையப்பன்தான்.

தண்ணி டேங்கர் ஓட்டிய கார்மேகம் மட்டும் தலையைச் சொறிந்தான். "அண்ணே, வேர் வெளிய போக வழியில்லாம உள்ளயே சுத்தும்ணே. பெருத்ததும் தன் தூரைத் தானே நெரிச்சுக் கொன்னுரும்."

"நீ டேங்கரைப் பாருடா, பீச்சாங்கைப் பயலே!"

எல்லாரும் சிரித்தார்கள். கார்மேகமும் சிரித்தான், பாவம்.

ரெண்டு வருசம் கழித்து முதல் ஏழு மரம் மஞ்சளடித்தபோது ஆபீசில் கூப்பிட்டுக் கேட்டார்கள். சோலையப்பன் வாய் கூசாமல் சொன்னான்: நல்ல தண்ணிக்கு இருபது கிலோமீட்டர் போகச் சோம்பிக்கொண்டு கார்மேகம் உப்புக்கிணற்றில் டேங்கரை நிரப்புகிறான். மறுவாரமே விசாவைக் கேன்சல் பண்ணி அவனை ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். ஒரே ஊர்க்காரன், கையைப் பிடித்து இங்கே கூட்டி வந்ததே சோலையப்பன்தான். வண்டியில் ஏறும்போதுகூட, "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே" என்று இவனிடமே கெஞ்சினான்.

போன மாசம் கார்மேகத்தின் பெண்டாட்டி நாகவள்ளி கடுதாசி போட்டிருந்தாள். 'அண்ணனுக்கு வணக்கம். அவுக காச்சல்ல கெடந்து தவறிட்டாக. கடைசி மட்டும் நான் உப்புத்தண்ணி ஊத்தலன்னே பெனாத்துனாக. கம்பெனிக்குத் துரோகம் பண்ணுன வீடுன்னு ஊர்ல பேசுறாக. அவுக மேல குத்தமில்லன்னு நீங்க ஒரு பேப்பர் வாங்கி அனுப்புனா புள்ளைக தலைநிமிந்து நடக்கும்.'

பதில் எழுதவில்லை. என்னத்தை எழுதுவான்? கேம்பில் சவரம் பண்ண நின்றால் கண்ணாடியில் தன் மூஞ்சியைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. இருந்தும் என்ன செய்தான்? பாஸ்கர் சார் வருவதற்குள் காலனி கேட்டுக்கு எதிரே இருக்கிற மரங்களின் கவரையாவது உருவி எறிந்துவிடலாம் என்று கத்தியும் மண்வெட்டியுமாகக் கிளம்பி வந்துவிட்டான். சீ, என்ன பிழைப்பு இது.

மண்ணை இடது பக்கம் குவிக்கிறவன் அந்தக் கேம்பில் ஒருத்தன்தான் இருந்தான்.

அந்த நினைப்பை உதறிவிட்டு முதலில் குழியை மூடினான். அடுத்த மரத்துக்கு நடந்தான். அதன் தூரும் திறந்து கிடந்தது. கவரின் கறுப்பு விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் மூடினான். அடுத்தது. அதுவும் திறந்திருந்தது. வந்த வழியே திரும்பி நடந்து பார்த்தான். மூடிய ரெண்டும் மறுபடி திறந்திருந்தன. மண் இடது பக்கம்.

பனிக்குள்ளே, ரோட்டின் கோடியில், மணலை நகத்தால் பிறாண்டுகிற சத்தம் கேட்டது. சர்ர். நிற்கும். சர்ர். ஒவ்வொரு தடவையும் ஒரு மரம் கிட்டே வந்தது.

"யாரது?"

சத்தம் நின்றது. பிறகு அவன் காலடியில் கேட்டது.

ஓடியிருக்கலாம். ஓடினால் இந்தக் குழியைப் பாஸ்கர் சார் பார்ப்பாரே! அந்த நேரத்திலும் அவனுக்கு அந்தக் கவலைதான். குப்புறப் படுத்துக் கையைத் தோள்வரை குழிக்குள் விட்டான். கவரைக் கத்தியால் கீறினான். உள்ளே வேர் கைமொத்தத்துக்குத் திரண்டு, தூரை மூணு சுற்றுச் சுற்றி இறுக்கியிருந்தது. கவரைப் பற்றி இழுத்தான். வரவில்லை. கையும் வரவில்லை. வேருக்கும் தூருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

ஜீப் வந்து நின்றது. பனியில் ஒரு உருவம் இறங்கியது.

"என்ன சோலையப்பன், எனக்கு முன்னாடியே வந்துட்டீங்க? வழியில பாத்தேன், மத்த மரமெல்லாம் மூடித்தானே இருக்கு. இதை மட்டும் ஏன் தோண்டுனீங்க?"

மூடித்தான் இருக்கிறதா?

குழிக்குள்ளே அவன் நடுவிரல் நுனியை ஏதோ தொட்டது. வேர் இல்லை. நகம். ஒரு கட்டைவிரல் நகம்.

"காரணம் ஏதாச்சும் தெரிஞ்சுதா?" என்றார் பாஸ்கர்.

நகம் அசையாமல் நின்றது. அதுவும் பதிலுக்குக் காத்திருந்தது. சொல்லிவிடலாம். நாலே வார்த்தை. நாகவள்ளிக்குப் பேப்பர் போய்விடும், பிள்ளைகள் தலைநிமிர்ந்து நடக்கும். சொல்லிவிடுடா, சொல்லிவிடு. சோலையப்பன் வாயைத் திறந்தான். நெஞ்சை நகர்த்திக் குழியை நன்றாக மறைத்துக்கொண்டான்.

"உப்புத்தண்ணிதான் சார். முன்னாடி கார்மேகம்னு ஒரு டேங்கர் டிரைவர் இருந்தான். அவன் பண்ணுன வேலை."

நகம் சுரண்டியது.

காய்ந்த கிளையில் உயிர் மிச்சமிருக்கிறதா என்று பார்க்கிறவன் இப்படித்தான் செய்வான். முதலில் நுனியில் பட்டையைச் சுரண்டுவான். பச்சை தெரியாவிட்டால் அடியை நோக்கிக் கொஞ்சம் தள்ளிச் சுரண்டுவான். அங்கும் இல்லையென்றால் இன்னும் கொஞ்சம். விரலில் தொடங்கியது உள்ளங்கைக்கு வந்தது. மணிக்கட்டு. நிதானமாக. தோல் சுருள் சுருளாக உரிவது தெரிந்தது.

வலிக்கவில்லை.

"கையை எடுங்க, நான் பாக்குறேன்" என்று பாஸ்கர் குனிந்தார்.

முழங்கையிலும் வலிக்கவில்லை. நகம் தோளை நோக்கி ஏறியது.