நாணய அளவு பேட்டரி

பழைய கணினிகளைப் புதுப்பித்து விற்கும் கடைக்காரப் பெண் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அழுதுவிடுவாள் போலிருந்தது. "என்னைத் திருடின்னு சொல்லிட்டாங்க அக்கா," என்றாள்.

அண்ணி மடித்துக்கொண்டிருந்த துணிகளை ஓரமாக நகர்த்தி அவளுக்கு இடம் கொடுத்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளை விசாரித்து ஓய்வு பெற்றவர் அவர். யார் என்ன சொன்னாலும் பதறமாட்டார். மாடியில் குடியிருக்கும் அவருடைய கொழுந்தனோ நேர் எதிர். பகலெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். விவகாரம் என்று காதில் விழுந்தால் சாப்பாட்டைக்கூடப் பாதியில் விட்டு இறங்கி வருவார். இப்போதும் வந்துவிட்டார்.

"அடுத்த தெரு நர்ஸம்மா போன வாரம் வீட்டுக்குன்னு ஒரு கம்ப்யூட்டர் பெட்டி வாங்கினாங்க," என்றாள் கடைக்காரப் பெண். "வீட்ல இருந்தே ஏதோ மேற்படிப்பு படிக்கிறாங்க. ரெண்டு நாள் நல்லா ஓடிச்சாம். மூணாம் நாள் தேதி பல வருஷம் பின்னாடி போயிடுச்சு. தேதி தப்பா இருந்தா அந்த ஆன்லைன் வகுப்புப் பக்கம் திறக்காது. பெட்டியைத் தூக்கிட்டு வந்தாங்க. திறந்து பார்த்தா உள்ளே வட்ட பேட்டரியைக் காணோம்."

"அது எவ்வளவு பெரிசு?"

"ஒரு நாணயம் அளவு. கரண்ட்டை நிறுத்தினாலும் தேதி, நேரம் மறக்காம இருக்கிறது அதாலதான். விக்கிற எல்லாப் பெட்டியிலயும் புதுசு போடறேன் அக்கா. 'பழசைத் துடைச்சு வச்சு ஏமாத்துறியா'ன்னு கடை நிறைய ஆள் இருக்கும்போது கேட்டாங்க. புது பேட்டரி போடக்கூட விடலை. இதுதான் சாட்சி, புகார் கொடுக்கப் போறேன்னு பெட்டியைத் திரும்ப எடுத்துட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் கடைப்பக்கம் ஈ காக்கா வரலை."

"கொண்டுபோய்க் கொடுத்த ஆள் மேலதான் எனக்குச் சந்தேகம்," என்றார் கொழுந்தன்.

"அவங்களே கார்ல எடுத்துட்டுப் போனாங்க."

கொழுந்தன் வேறு ஆளை யோசிக்கத் தொடங்கினார்.

"வேற ஏதாவது காணாம போயிருக்கா?" என்று அண்ணி கேட்டார்.

"இல்லக்கா. விலை கூடின பாகமெல்லாம் அப்படியே இருக்கு. ஒன்னு மட்டும் வித்தியாசமா இருந்துச்சு. பக்க மூடித் திருகாணியை நான் கையாலதான் திருகுவேன். அன்னைக்கு ஸ்க்ரூ டிரைவர் வச்சு முக்கினாத்தான் அசைஞ்சுது."

அண்ணி தலையசைத்தார். "உன் தங்கச்சி கடையைப் பார்த்துப்பா இல்ல? நீயும் வா."

மூவரும் போனபோது நர்ஸ் அப்போதுதான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தார். கடைக்காரப் பெண்ணைக் கண்டதும் முகம் இறுகியது. ஆனாலும் உட்காரச் சொன்னார். கூடத்து மூலையில், சுவர் சுவிட்சுக்குக் கீழே மேசைமேல் கணினி ஊமையாக நின்றது. பக்கத்தில் சாய்வு நாற்காலியில் நர்ஸின் மாமனார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். வந்தவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ராத்திரி இந்தச் சுவிட்சை அணைச்சிடுவீங்களா?" என்றார் அண்ணி.

"மாமா வீட்டு சுவிட்சு எல்லாத்தையும் அணைச்சிட்டுத்தான் படுப்பாரு. ஒரு நாள் தவறாது," என்றார் நர்ஸ். பிறகு நினைவு வந்தவராக, "மாமா, சாப்பாட்டுக்கு முன்னாடி சர்க்கரை பார்த்துடுங்க. இவங்க இருந்தா என்ன," என்றார்.

மாமனார் விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கையடக்கக் கருவியில் தொட்டார். நர்ஸ் எண்ணைப் பார்த்துத் திருப்தியோடு திரும்பினார். கொழுந்தன் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். எண்ணுக்கு மேலே, சின்ன எழுத்தில் காலை எட்டு மணி என்றிருந்தது. வெளியே தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. கருவி பழசு போல என்று நினைத்துக்கொண்டார்.

அண்ணி நாற்காலியை நர்ஸ் பக்கம் நகர்த்திக்கொண்டார். "முதல் ரெண்டு நாள் வகுப்புல உட்கார்ந்தீங்க இல்ல?"

"உட்கார்ந்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

"முதல் ராத்திரியே உங்க மாமா சுவிட்சை அணைச்சிருப்பார். அப்பவே பேட்டரி இல்லைன்னா மறுநாளே தேதி மாறியிருக்கும். மாறலை. அப்படின்னா பேட்டரி கடையிலிருந்து பத்திரமா இந்த வீட்டுக்கு வந்திருக்கு."

 கடைக்காரப் பெண் மடியிலிருந்த பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ திருடன் வீட்டுக்குள்ள வந்திருக்கான்," என்றார் கொழுந்தன் நாற்காலி நுனிக்கு வந்து.

"திருடன் விலை கூடினதை எடுப்பான் தம்பி. இதை எடுத்தவருக்கு அந்த பேட்டரி மட்டும் அவசரமா வேண்டியிருந்திருக்கு. அந்த அவசரத்துலயும் மூடியை ஒழுங்கா மூடி, இறுக்கித் திருகியிருக்கார். லிஃப்ட்டுல திருகாணி தளர்ந்தா ஆள் உயிர் போகும்னு காலமெல்லாம் பயந்து வேலை பார்த்த கை அது." அண்ணி குரலைத் தாழ்த்தினார். "பேட்டரியைக் கழற்றினா நேரம் தொலைஞ்சு போறது கணினிக்கு மட்டும் இல்ல. ஐயா, அந்தக் கருவியில இப்ப மணி என்ன?"

மாமனார் கருவியைப் பார்க்கவில்லை. மருமகளைப் பார்த்தார்.

"அன்னைக்குக் காலைல இது திடீர்னு செத்துப்போச்சும்மா. கடை எதுவும் திறக்கலை. சர்க்கரை நம்பர் சொல்லலைன்னா நீ லீவு போட்டு என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவே. சாயந்திரம் உனக்கு வகுப்புல பரீட்சை வேற. பெட்டி வந்த அன்னைக்கே உள்ளே என்ன இருக்குன்னு திறந்து பார்த்திருந்தேன். ஒரு மிஷின் வீட்டுக்கு வந்தா என்னால பார்க்காம இருக்க முடியாது. கரண்ட்ல ஓடறதுக்கு பேட்டரி எதுக்குன்னு, இதுக்கும் அதே வட்ட பேட்டரிதான்னு, எடுத்து இதுல போட்டுட்டேன்."

"சொல்லியிருக்கலாமே மாமா."

"சொல்லத்தான் நினைச்சேன். அதுக்குள்ள நீ கடையில சத்தம் போட்டுட்டு வந்து நின்னே. அப்புறம் வாய் வரலை." கடைக்காரப் பெண் பக்கம் திரும்பினார். "என்னாலதான்மா உனக்குக் கெட்ட பேரு."

அவள் பையிலிருந்து புது பேட்டரியையும் ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்தாள். திருகாணி அசைய மறுத்தது. மாமனார் எழுந்து வந்து, ஒரே திருப்பில் தளர்த்திக் கொடுத்தார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேட்டரியைப் போட்டுத் தேதியைச் சரிசெய்ததும் வகுப்புப் பக்கம் மறுபேச்சில்லாமல் திறந்தது.

நர்ஸ் திரையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "கடை இன்னும் திறந்திருக்குமா?"

"இருக்கும். எதுக்கு?"

"அங்க நாலு பேர் முன்னாடி சொன்னேன். இங்க உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டா எப்படி? வா."

நால்வருமாகத் தெருவில் நடந்தார்கள். கொழுந்தன் கொஞ்சம் பின்தங்கி அண்ணியோடு சேர்ந்துகொண்டார். "காலை எட்டு மணின்னு நானும் பார்த்தேன் அண்ணி. கருவி பழசுன்னு விட்டுட்டேன்."

"பார்த்தீங்களே தம்பி. அடுத்த தடவை விடமாட்டீங்க."

அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு அவர் நிமிர்ந்து நடந்தார்.

கடையில் தங்கை தனியாக இருந்தாள். பக்கத்துப் பழக்கடையில் மூன்று பேர் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் கடைப்படியில் ஏறி நின்று, வார்டில் நோயாளியின் உறவினர்களைக் கூப்பிடும் அதே குரலில், "இந்தப் பொண்ணு கொடுத்த பெட்டியில ஒரு குறையும் இல்ல. தப்பு எங்க வீட்டுல. அன்னைக்கு நான் பேசினது தப்பு," என்றார்.

பேரம் நின்றது. கடைக்காரப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, ஏற்கெனவே சுத்தமாயிருந்த மேசையைத் துடைத்தாள். கையில் பழப்பையுடன் ஒரு பெரியவர் மெதுவாகக் கடைப்பக்கம் வந்தார்.

"ஏம்மா, வெளியூர்ல இருக்கிற பேத்தி முகத்தைப் பார்த்துப் பேச ஒன்னு வேணும். எனக்கு ஒன்னும் தெரியாது. எது நல்லா இருக்கும்?"

"உட்காருங்கய்யா," என்று அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "பேத்தி எந்த ஊர்ல இருக்கா?"