உருகி உறைந்த ஐஸ்கிரீம்

லெபனான், திரிபோலி. சனிக்கிழமை காலை 8.10.

நான்காவது மாடி வீட்டு வாசலில் மருமகள் ராவியாவின் பெட்டி நின்றது. வெள்ளிக்கிழமை அந்த வீட்டு மகள் லமீஸின் நிச்சயதார்த்த விருந்தில் சாப்பிட்ட பதினொரு பேர் வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அங்கிருந்தே மாப்பிள்ளையின் அம்மா சொல்லியனுப்பிவிட்டாள்: சமைத்தவள் அந்த வீட்டில் இருக்கும்வரை, லமீஸ் மருமகளாகத் தங்கள் வீட்டுப் படியேற முடியாது. சமைத்தவள் ராவியா. ஒன்பது மணிக்கு அவளுடைய அப்பா அழைத்துப்போக வருகிறார்.

"பெட்டி அங்கயே இருக்கட்டும்," என்றார் மாமனார் அபூ மர்வான். "விசாரிக்காம தண்டனை கெடையாது."

முப்பத்தொரு வருடம் போலீஸ் இன்ஸ்பெக்டராக இருந்தவர். ஓய்வு பெற்றும் அந்த மிடுக்கு போகவில்லை. மனைவியைக் கூடத்தில் உட்காரவைத்தார்.

"எதைச் சாப்பிட்டு வந்துச்சு?"

"கோழிதான். வேறென்ன?"

"கோழி நானும் சாப்பிட்டேன்."

"ஒங்களுது போலீஸ் வயிறு."

"உன் தங்கச்சி கறியே தொடமாட்டா. அவளுக்கு?"

"நாலு தடவ வாந்தி."

"அவ என்னதான் சாப்பிட்டா?"

"ரொட்டி, சாலட். அப்புறம் பாயசம்."

ரொட்டியும் சாலட்டும் அவரும் சாப்பிட்டிருந்தார். பன்னீர் விட்ட பாலரிசிப் பாயசத்தை மட்டும் தொடவில்லை, சர்க்கரை வியாதி.

8.30. ராவியாவின் முறை.

"எப்ப காய்ச்சின?"

"வியாழக்கிழம காலைல மாமா. ஆறவெச்சு, பதினொன்றரைக்கு பிரிட்ஜுல வெச்சேன்."

"எப்ப எடுத்த?"

"மறுநா மதியம். ஜில்லுன்னு இருந்துச்சு. வாடையும் இல்ல."

ஒவ்வொரு பதிலுக்கு முன்னாலும் அவள் மாமியாரைப் பார்த்துக்கொண்டாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

8.40. பிரிட்ஜின் மேலே இருந்த பிரீசரைத் திறந்தார். லமீஸ் புதன்கிழமை வாங்கிய ஐஸ்கிரீம் டப்பா, இன்னும் பிரிக்காமல் ஒருக்களித்துக் கிடந்தது. ஐஸ்கிரீம் முழுக்கப் பக்கச்சுவரில் ஒட்டி உறைந்திருந்தது. மூடி வழியே கசிந்தது தட்டிலும் கட்டியாக நின்றது.

"இங்க வாங்க எல்லாரும்," என்றார். குரலில் பழைய உற்சாகம். "இது தண்ணியா உருகித் திரும்ப உறைஞ்சிருக்கு. வியாழக்கிழம பிரிட்ஜ் மணிக்கணக்கா ஓடல. இந்த ஆகஸ்ட் புழுக்கத்துல பாயசம் உள்ளயே கெட்டுப்போச்சு. அப்புறம் ஜில்லுன்னு ஆனதும் யாருக்கும் தெரியல. ஜில்லுன்னு ஆனா கெட்டது நல்லதாயிடுமா? மர்வான், அன்னிக்கு கரண்ட் எப்டி?"

"ஜெனரேட்டர் நாள் பூரா ஓடுச்சுப்பா," என்றான் மகன், சுவரைப் பார்த்தபடி.

"அப்ப யாரோ பிளக்கைப் புடுங்கியிருக்காங்க. யாரு?"

லமீஸ் அழத் தொடங்கினாள்.

திரிபோலியில் தெரு ஜெனரேட்டர்காரரிடம் மாதக் காசுக்கு ஐந்து ஆம்பியர் கரண்ட் மட்டும் வாங்கும் வீட்டுக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏசியும் பிரிட்ஜும் சேர்ந்து ஓடினால் பிரேக்கர் விழுந்துவிடும். ஏசி வேண்டுமென்றால் பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்க வேண்டும். வியாழக்கிழமை விடியற்காலையில் ஆடு வாங்கப் போய்விட்டுக் களைத்துத் திரும்பியவர் ஒருவர், பன்னிரண்டு மணிக்கு அதைப் பிடுங்கிவிட்டு ஏசியில் படுத்தார். தினமும் ஒரு மணி நேரம் தூங்குகிறவர் அன்று மாலைத் தொழுகை அழைப்பு வரை தூங்கினார். எழுந்ததும் பிளக்கை மாட்டினார். அவ்வளவுதான், அந்த நினைப்பே அவருக்கு இல்லை.

அபூ மர்வானுக்கு இப்போதுதான் தன் தூக்கம் நினைவுக்கு வந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்," என்றாள் மனைவி. "மருமக பேரு கெட்டா நாலு நாள் பேச்சு. ஒங்க பேரு கெட்டா ஊரே சிரிக்கும். நான்தான் யாரும் வாயைத் தொறக்காதீங்கன்னேன்."

"ராவியா, அன்னிக்கே என்னை எழுப்பியிருக்கலாமேம்மா?"

"மாமா தூங்கறப்ப கதவத் தட்டக்கூடாதுன்னு, வந்த அன்னிக்கே அத்தை சொன்னாங்க மாமா."

அவளிடம் கோபம்கூட இல்லை. அதுதான் அவரைக் கூனிக் குறுக வைத்தது.

8.55. அழைப்பு மணி. அபூ மர்வானே போய்க் கதவைத் திறந்தார். ராவியாவின் அப்பாவுடைய கண்ணைப் பார்க்க முடியாமல், பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார்.

"ஒங்க பொண்ணு எங்கயும் வரல. தப்பு பண்ணினவன் நான்," என்றார். "ஆஸ்பத்திரில பதினொரு கட்டில் இருக்கு. ஒவ்வொரு கட்டிலா நின்னு இதைச் சொல்லணும். கூட வர்றீங்களா? தனியாப் போக எனக்குத் தைரியம் இல்ல."