மஞ்சள் விளிம்பு

காலை பதினொன்றரை மணிக்கு அந்தத் தையல்காரி மருத்துவமனைக்குள் ஓடி வந்தபோது, அளவு நாடா இன்னும் அவள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பிணப் பரிசோதனைக் கூடத்தின் உதவியாளர், ஒரு துடிப்பான இளம்பெண், அவளைக் கையோடு டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

"டாக்டரம்மா, என் தம்பியக் கொலைகாரன்னு பிடிச்சுட்டாங்க. கையில கீறல் இருக்காம். அது ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக் கூரைத் தகரம் மாத்துறப்போ கிழிச்சது. நான்தான் மருந்து போட்டேன். கூடப் பிறந்தவ சொன்னா யாரு நம்புவா?"

"இன்னிக்கு வியாழன்" என்றார் டாக்டர், கண்ணாடியைத் துடைத்தபடி. "யார் சொல்றதையும் நம்ப வேண்டாம்மா. கையையே கேட்டுப் பார்ப்போம்."

தம்பி வேலை பார்த்த பூட்டுப் பட்டறையின் முதலாளி அன்று காலை ஏழு மணிக்கு இறந்திருந்தார். யாரோ தள்ளியதில் இரும்பு மேசையின் முனை மண்டையைப் பிளந்திருந்தது. அவருடைய நகங்களில் ரத்தமும் தோலும் இருந்தன. பழைய இயந்திரத்தை மாற்றச் சொல்லி முந்தின நாள் தம்பி அவரிடம் கத்தியதைப் பட்டறையே கேட்டிருந்தது. காலையில் முதலில் வந்தவனும் அவன்தான் என்று பட்டறைக் காவலாளி சொல்லிவிட்டான்.

டாக்டர் கேட்டுக்கொண்டபடி, இன்ஸ்பெக்டர் மதியம் ஒரு மணிக்குத் தம்பியையும் காவலாளியையும் அழைத்து வந்தார். அக்கா சுவரோரப் பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். மின்விசிறி ஓடாத அறை. எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டியது. காவலாளி மட்டும் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக்கூடக் கழற்றவில்லை. உள்ளே வந்தவர்களின் கைகளில் உதவியாளர் ஸ்பிரிட் ஊற்றினாள். தம்பி சும்மா தேய்த்துக்கொண்டான். சட்டைக் கைக்குள் அது வழிந்ததும் காவலாளி "ஸ்ஸ்" என்று கையை உதறினான்.

தம்பியின் முன்கையைப் பார்த்ததும் உதவியாளர் பரபரத்தாள். "டாக்டர், மூணு கோடு! நகம் பட்ட மாதிரியே இருக்கு!"

அக்கா பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள்.

டாக்டர் லென்ஸை வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு காவலாளியிடம் திரும்பினார். "உங்க கையையும் கொஞ்சம் காட்டுங்க."

"அது பூனை கீறினது மேடம். போன வாரமே."

"காயம் இருக்கான்னு நான் கேக்கவே இல்லையே?"

இன்ஸ்பெக்டரே அந்தச் சட்டைக் கையை மேலே சுருட்டினார். ஈரம் காயாத சிவப்புக் கோடுகள் நான்கு.

"இன்ஸ்பெக்டர், இந்தத் தம்பியோட கீறலைப் பாருங்க. பொருக்கு கறுத்து, காய்ஞ்சு, ஓரம் தூக்கிடுச்சு. அதுக்கு நாலஞ்சு நாள் ஆகும். பக்கத்துல ரத்தம் கட்டின இடத்துல விளிம்பு மஞ்சளாயிடுச்சு. அடிபட்டு முக்கால் நாளாவது போகாம தோல்ல அந்த மஞ்சள் வராது. கொலை நடந்து ஆறு மணி நேரம்தான் ஆச்சு. இவர் காயத்துக்கு முதலாளியோட நகம் காரணமா இருக்க முடியாது."

"அப்போ இவன்?"

"போன வாரக் கீறல்ல இதுக்குள்ள பொருக்கே உதிர ஆரம்பிச்சிருக்கும், ஸ்பிரிட் பட்டாலும் எரியாது. இது இன்னும் பொருக்கே கட்டல. காயம் இவர் சொன்னது பொய்ன்னு மட்டும்தான் சொல்லும். நகத்துல இருக்கிற தோல் யாரோடதுன்னு ஆய்வுக்கூடம் சொல்லிடும்."

காவலாளி தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "பித்தளைக் கட்டியை எடுக்கிறப்போ பார்த்துட்டாரு சார். கையப் பிடிச்சாரு. தள்ளிவிட்டேன்... சாவாருன்னு நினைக்கல."

மாலையில் தம்பியை விட்டார்கள். அக்கா டாக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது.

"நீங்க சுத்தமா மருந்து போட்டு வச்சிருந்தீங்க. சீழ் பிடிச்சிருந்தா நாளைக் கணக்குப் பண்ண நான் திண்டாடியிருப்பேன்" என்றார் டாக்டர். "பாதி வேலை உங்களோடதும்மா."

வெளியே வந்ததும் தம்பி நின்றுவிட்டான். "வீட்டுக்கு அப்புறம் போகலாம்க்கா. நான் வேலையில்லாம அலைஞ்சப்போ கூப்பிட்டு வேலை குடுத்தவர் அவர். நேத்துக் கத்தினதுக்கு மன்னிப்புக் கேக்கத்தான் இன்னிக்கு சீக்கிரம் போனேன். கேக்க முடியல."

முதலாளியின் வீட்டு வாசலில் கூட்டமாக இருந்தது. சிலர் அவனைப் பார்த்து விலகினார்கள். உள்ளே சுவரில் சாய்ந்திருந்த முதலாளியின் மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"வந்துட்டியாப்பா? நீயா இருக்காதுன்னு காலையிலயே சொன்னேன். யாரும் காதுல வாங்கல."

தம்பி அவள் காலடியில் உட்கார்ந்து, அன்று முதல் தடவையாக, வாய்விட்டு அழுதான்.