மூணு தடவை கூப்பிட்டாச்சுங்கய்யா

வழக்கம்போல் பத்து மணிக்கு வந்து நீதிமன்றக் கூடத்தைத் திறந்தார் டவாலி. பழைய காகித வாசனையை எதிர்பார்த்த மூக்கில் கருகிய துணியின் வாடை ஏறியது. மூன்று மாதமாக இதே தொல்லை.

வாசலில் நின்று கட்சிக்காரர்களின் பெயரைக் கூவுவதுதான் அவர் வேலை. மூன்று முறை கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் வழக்கு தள்ளுபடி. எவ்வளவு பெரிய நியாயமானாலும் அந்த வாசலைத் தாண்ட அவருடைய தொண்டை வேண்டும்.

கொதிகலன் வெடித்து மகனைப் பறிகொடுத்த ஒருத்தி, ஆலை முதலாளி மேல் வழக்குப் போட்டுப் பதினோரு வருஷம் அலைந்தாள். மகனின் கருகிய சட்டையைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். மூன்று மாதத்துக்கு முன் ஒரு நாள் அவள் கண் சொருகுவதைப் பார்த்து, "கீழ போய்த் தண்ணி குடிச்சிட்டு வாம்மா, உன் கேஸ் இப்போதைக்கு வராது" என்று அனுப்பியதே டவாலிதான். அவள் படி இறங்கியதும் வழக்கு வந்துவிட்டது. அவருக்கோ சாப்பாட்டு மயக்கம். முக்காலியை விட்டு எழாமல் பெயரை ஒருமுறை வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு, "மூணு தடவை கூப்பிட்டாச்சுங்கய்யா" என்றார்.

தள்ளுபடி.

"வந்துட்டேங்கய்யா" என்று மூச்சிரைக்க ஓடி வந்தவள், விஷயம் தெரிந்ததும் வாசலிலேயே உட்கார்ந்தாள். பிறகு எழவே இல்லை.

இன்று அவள் மகளின் மனு விசாரணைக்கு வந்தது. அம்மாவைக் கூப்பிடவே இல்லை, வழக்கை மறுபடி எடுங்கள் என்று கேட்டிருந்தாள். டவாலிக்கு ஓய்வு பெற இன்னும் நாலு மாதம்தான். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும்.

"மூணு தடவை கூப்பிட்டீங்களா?" என்றார் நீதிபதி.

"கூப்பிட்டேங்கய்யா." நாக்கு கூசவே இல்லை.

மகள் அவரைத் திட்டவில்லை. "எங்கம்மா உங்களை நல்ல மனுசன்னு சொல்லும்" என்றாள் மெதுவாக.

நீதிபதியின் பேனா ஓடியது.

டவாலியின் காதோரம் யாரோ மூச்சிரைத்தார்கள்.

திரும்பிப் பார்த்தார். ஒருவரும் இல்லை.

கருகிய வாடை குப்பென்று அடித்தது.

"கூப்பிடலைங்கய்யா!" என்று கத்திவிட்டார். "பொய் சொல்லிட்டேன்!"

நீதிபதி நிமிரவே இல்லை. "கையெழுத்துப் போட்டாச்சு, இப்ப வந்து சொல்றீங்களே. அடுத்த கேஸைக் கூப்பிடுங்க."

அவ்வளவுதான். பதினோரு வருஷமும் ஓர் உயிரும் அந்தக் காகிதத்தோடு முடிந்தன. டவாலிக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டது. நீதிபதி மேல் பாதி, தன்மேல் மீதி. வாசலுக்குப் போனார். அடுத்த வழக்கைக் கூப்பிடவில்லை. செத்தவளின் பெயரைத் தாழ்வாரம் அதிரக் கூவினார்.

ஒருமுறை.

இரண்டு முறை.

மூன்றாவது முறை குரல் உடைந்தது.

தாழ்வாரத்தில் ஈ காக்கை இல்லை. ஆனால் அவருக்குப் பின்னால், கூடத்தில் பேச்சு சட்டென்று நின்றது. நீதிபதியின் குரல் மட்டும் நடுங்கிக்கொண்டு வந்தது.

"யாரும்மா நீங்க? கூண்டுல எப்ப ஏறுனீங்க?"