ஒரு விசாவுக்கு இரண்டு அம்மா

ரவை சிவந்து மணக்கத் தொடங்கிய நேரத்தில்தான் லக்தார் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் இரண்டு பாஸ்போர்ட்டுகள். கொழுந்தனின் முகத்தைப் பார்த்ததுமே கெய்ராவுக்குப் புரிந்துவிட்டது. கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

கடலுக்கு அந்தப் பக்கம், பிரெஞ்சு நகரமான மார்சேயில் நவாலுக்கு ஏழாம் மாதம் முடியப்போகிறது. ரத்த அழுத்தம் ஏறி, ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்துவிட்டார்கள். "யாராவது வாங்க... பயமா இருக்கு" என்று தினமும் போனில் அழுகிறாள். பிள்ளை பெற்றவளுக்கு முதல் வாய் தம்மினா என்ற ரவை இனிப்புதான் ஊட்டவேண்டும். அதற்கு வேண்டிய ரவையை இங்கேயே வறுத்துக் கொண்டுபோக எண்ணி, விடிந்ததிலிருந்து அடுப்படியில் நின்றாள் கெய்ரா.

"என்னங்க ஆச்சு?" லக்தாரின் மனைவி யமீனா ஈரக் கையோடு ஓடி வந்தாள். நவாலைப் பெற்றவள் அவள்தான்.

"ரெண்டு பேருக்குமே விசா இல்லைன்னுட்டான்."

"ரெண்டு பேருக்குமா? பெத்தவளுக்குமா?"

"தபாலாபீஸ் வாசல்ல மனு எழுதறவர்கிட்ட காட்டிட்டுத்தான் வர்றேன். ரெண்டு மனுவிலேயும் உறவுங்கற கட்டத்துல 'தாய்'னு இருக்காம். குடும்பப் பதிவேட்டுல உன் பேரு மட்டும்தானே இருக்கு? கொடுத்த தகவலை நம்ப முடியலைன்னு ரெண்டையும் தள்ளிட்டான்."

யமீனா மெல்லத் திரும்பினாள். "அக்கா... அப்படி யாரு எழுதச் சொன்னது?"

"நான்தான்" என்றாள் கெய்ரா.

அடுப்பில் ரவை கருகியது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

"இருபத்தொன்பது வருஷம்! என் பொண்ணை உன் மடியிலயே வெச்சுக்கிட்டே. உன்னைத்தான் 'யெம்மா'ன்னு கூப்பிட்டா. நான் வாயைத் திறந்தேனா? இப்போ காகிதத்துலேயும் என்கிட்டேருந்து பிடுங்கணுமா? அங்க அவளுக்கு ஏதாவது ஒண்ணு ஆகிட்டா..."

"வாயைக் கழுவுடி!" கெய்ரா கத்தினாள். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அவள் குரல் அவ்வளவு உயர்ந்ததில்லை.

இருபத்தொன்பது வருடங்களுக்கு முன், ஒரே வாரத்தில் அந்த வீட்டில் இரண்டு பிரசவம். கெய்ராவின் மகன் ஒன்பதாம் நாள் போய்விட்டான். யமீனாவோ ஜன்னி கண்டு, பால் வற்றி, நினைவில்லாமல் கிடந்தாள். பசியில் வீறிட்ட நவாலை எடுத்து மார்போடு அணைத்தவள் கெய்ராதான். அடக்கம் முடிந்து மூன்று நாள்கூட ஆகவில்லை. கண்ணில் நீரும் மார்பில் பாலுமாக அவள் உட்கார்ந்திருந்ததை முஸ்தகானம் ஊரில் அந்தத் தெருவே பார்த்தது. பிறகு அவளுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை. கணவரும் போய்ச் சேர்ந்தார். பால் கொடுத்தவளும் தாய்தான். அதில் இந்த ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. சந்தேகம் வந்ததெல்லாம் பிரெஞ்சுக்காரனின் கட்டத்துக்குத்தான்!

ஆனால் 'தாய்' என்று எழுதியவள் கெய்ரா இல்லை. மார்சே நகர மன்றத்தில் விருந்தினருக்கான வரவேற்புச் சான்று வாங்கியபோது நவாலே எழுதியது. "பெரியப்பா சம்சாரம்னு எழுதக் கை வரலை யெம்மா" என்றாள் போனில். "அழிச்சிடு கண்ணு, வம்பு வரும்" என்று கெய்ரா கெஞ்சியும் அவள் கேட்கவில்லை; முத்திரை விழுந்துவிட்டது. ஊரிலிருந்து போன கெய்ராவின் விசா மனுவும் அந்தச் சான்றில் இருந்ததையே திருப்பிச் சொன்னது.

இதைப் போய் யமீனாவிடம் எப்படிச் சொல்வது? மகளே இன்னொருத்தியைத் தாய் என்று எழுதினாள் என்று பெற்றவள் காதில் விழ வேண்டுமா? கெய்ராவுக்கு மனம் வரவில்லை. பழி தன்னோடு போகட்டும் என்று இருந்துவிட்டாள்.

மறுநாள் காலை லக்தாரை அழைத்துக்கொண்டு மனு எழுதுபவரிடம் போனாள்.

"யமீனா மறுபடி மனு போடணும். என்னால வந்த குழப்பம் தீரணும். என்ன எழுதணுமோ எழுதுங்க."

அவர் எழுதி முடித்து அரபியில் வாசித்துக் காட்டினார். "நவால் என் மகள் அல்ல. என் கணவருடைய தம்பியின் மகள். முன்பு தந்த தகவல் தவறானது."

"அண்ணி, வேண்டாம்" என்றார் லக்தார்.

"இதுல கையெழுத்துப் போட்டா, இந்தப் பிரசவத்துக்கு நீங்க போக வழியே இல்லை ஹாஜ்ஜா" என்று மரியாதையோடு சொன்னார் மனு எழுதுபவர்.

"தெரியும்." சற்றுத் தயங்கி, கெய்ரா கேட்டாள்: "பால் கொடுத்ததை எழுத அதுல இடம் இருக்கா?"

"அதுக்குக் கட்டம் இல்லையே..."

நகராட்சி அலுவலகத்தில் அதிகாரியின் முன்னால் கையெழுத்திட்டாள். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டுதான் அழுதாள்.

மூன்று வாரத்தில் யமீனாவுக்கு விசா வந்தது. அந்த மூன்று வாரமும் அவள் ஓரகத்தியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனாலும் புதிதாக வறுத்த ரவை டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓரான் துறைமுகம் வரை கெய்ரா போனாள். தடுப்புக் கம்பிக்கு அப்பால் யமீனா வரிசையில் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

யமீனாவின் போன் அடித்தது. நவால்.

"மா, யெம்மா கூட வர்றாங்கல்ல?"

கெய்ரா வர முடியாததை அதுவரை நவாலிடம் சொல்லாமல் மறைத்திருந்தார்கள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "எப்படி வருவா? தாய்னு பொய் எழுதி ரெண்டு பேரையும் கெடுத்தாளே!"

மறுமுனையில் ஒரு விம்மல்.

"மா... அதை எழுதினது நான். அவங்க அழிக்கச் சொல்லிக் கெஞ்சினாங்க... நான்தான் கேக்கலை..."

யமீனா வரிசையை விட்டு ஓடி வந்தாள். கம்பிக்கு இடையில் கையை நீட்டி, கெய்ராவின் கையைப் பற்றித் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள்.

"பாவி நான்! ஏன்க்கா சொல்லலை? ஏன் என்கிட்ட திட்டு வாங்கிக்கிட்டு நின்னே?"

"சொன்னா உனக்குன்னு என்னடி மிஞ்சும்?" என்றாள் கெய்ரா.

கம்பி நடுவில் இருக்க, இருவரும் நெற்றியோடு நெற்றி முட்டி அழுதார்கள். டப்பா கைமாறியது.

"போயிட்டு வந்ததும் நானே மனு எழுதறவர்கிட்ட போவேன். இவதான் பால் கொடுத்த தாய்னு என் கையெழுத்தைப் போட்டுக் கொடுப்பேன்!"

"அதுக்குக் கட்டம் இல்லைடி."

"கட்டம் இல்லைன்னா ஓரத்துல எழுதச் சொல்லுவேன்!"

வரிசை நகர்ந்தது. கெய்ரா அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். "கேட்டா 'என் பொண்ணைப் பார்க்கப் போறேன்'னு மட்டும் சொல்லு. வேற எதையும் உளறிடாதே. போ."

அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டினார். திரும்பி வரும் டிக்கெட், காப்பீடு, வரவேற்புச் சான்று, எல்லாம் சரி. "யாரைப் பார்க்கப் போறீங்க?"

யமீனா கம்பிப் பக்கம் திரும்பினாள். கெய்ரா தலையை அசைத்தாள், சொல் என்று.

"என் பொண்ணை" என்றாள் யமீனா.

முத்திரை விழும் ஓசை கேட்டது. கெய்ரா தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு, முஸ்தகானம் பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள்.