காலைப் படகின் மொத்தம்

காலைப் படகுக்கு முக்கால் மணி நேரம் முன்பு, துறையின் எடைத்தட்டுமேல் நானும் அல்லிராணியும் எதிரெதிரே சம்மணமிட்டுச் சீட்டு ஆடுவோம். எனக்கு வயது நாற்பத்தொன்று. அவளுக்குப் பதினைந்து முடிய நான்கு நாள் பாக்கி. ஐந்து வாரமாக ஆடுகிறோம். பெரும்பாலும் அவள்தான் ஜெயித்தாள். ‘பெரும்பாலும்’ என்பதில் கொஞ்சம் பொய் உண்டு.

ஆட்டத்தின் பெயர் சேர்ப்பு. ஒன்று முதல் ஐம்பது வரை எண் போட்ட சீட்டுகள், நடுவே கலந்துவிட்ட ஆறு சிவப்புச் சீட்டுகள். இருவரும் மாற்றி மாற்றிப் படபடவென்று போட வேண்டும். சிவப்பு விழுந்ததும், அதுவரை விழுந்ததன் மொத்தத்தை யார் முதலில் சரியாகச் சொல்கிறார்களோ அவருக்கு அத்தனை சீட்டும்.

முப்பத்தெட்டு, நாற்பத்தேழு, பத்தொன்பது, சிவப்பு.

“நூத்திநாலு” என்றாள். நான் தலையை இடப்பக்கம் சாய்த்தபடி இருந்தேன்.

“யாரும் வந்து சொல்லமாட்டாங்க மாமா. அதான் எடுத்தாச்சுல்ல? முப்பத்தெட்ட நாப்பதாக்கிட்டு, நாப்பத்தேழுல ரெண்டக் கொறைங்க.”

எடுத்துத்தான் ஆகிவிட்டது. ஆனால் இருபத்தாறு வருடம் காதுக்குள் இருந்த செவித்துணை, எடுத்த பிறகும் கழுத்தை விட்டுப் போகவில்லை; அதன் குரலைக் கேட்கத் தலை தானாகச் சாய்கிறது. எதைக் கேட்டாலும் விடையைக் காதுக்குள் அதுதான் சொல்லும். பதினைந்து முடிந்த எல்லோருக்கும் பொருத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் மேல்படிப்பும் கிடையாது, வேலையும் கிடையாது. எனக்கு இப்போது டீக்கடையில்கூட இரண்டு முறை விலை கேட்க வேண்டியிருக்கிறது.

கடல் ஏறிக் கோடியக்கரை தீவான பிறகு, கரைக்குப் போக ஒரே வழி படகு. ஒருமுறை இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குச் செவித்துணை ஒரே தவறான பாரத்தைச் சொன்னது, அத்தனை பேரும் சரி என்றார்கள், படகு கவிழ்ந்தது. அதன்பின் வந்த சட்டம் இது: செவித்துணை இல்லாத ஒருவர், கம்பியோ மின்சாரமோ இல்லாத முள் தராசைப் பார்த்து மனத்தாலேயே கூட்டிச் சொல்ல வேண்டும். அவருக்குத் தனிக்கணக்கர் என்று பெயர். செவித்துணை இல்லாதவர்கள் பிள்ளைகள்தானே. அதனால்தான் ஊருக்கு ஊர் பிள்ளைகளுக்குச் சீட்டாட்டம்.

எங்கள் தீவில் தனிக்கணக்கராகத் தேவையான எட்டு வயதைத் தாண்டி, பதினைந்து முடியாத ஒரே பிள்ளை அல்லிராணி; இதுவரை கணக்குச் சொன்னவள் அவள்தான். அவளுக்கும் வியாழக்கிழமை பொருத்திவிடுவார்கள். பிறகு தனிக்கணக்கர் இல்லை, படகு இல்லை, நாற்பது குடும்பமும் உள்நாட்டுக் குடியிருப்புக்குப் போக வேண்டும். என் வீட்டைவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அதனால் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காதை வெறுமையாக்கிக்கொண்டு வந்தேன்.

புதன்கிழமை துறை அதிகாரி எனக்குப் பத்துச் சுற்றுத் தேர்வு வைத்தார். ஏழு தேறினால் போதும். சரியாக ஏழு தேறினேன். அல்லிராணி என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

வெள்ளிக்கிழமை என் முதல் படகு. ஆளும் சாமானும் ஒவ்வொன்றாகத் தட்டில் ஏறி இறங்க, முள்ளைப் பார்த்துக் கூட்டிக்கொண்டே வந்தேன். படகு தாங்குவது ஆறாயிரத்து ஐந்நூறு கிலோ. எனக்கு வந்த மொத்தம் ஆறாயிரத்து ஐந்நூற்று எண்பது.

“ஆறாயிரத்து நானூத்தி எம்பதுய்யா” என்றார் நண்டு வியாபாரி சந்தானம். படகில் இருந்த முப்பது பேரும் தலையைச் சாய்த்து அதையே சொன்னார்கள். “முப்பது பேருக்கும் ஒரே விடை, இன்னாசி. ஒனக்கு மட்டும் வேற. யாரு தப்பா இருக்கும்?” என்றார் சந்தானம்.

அதுதான் எனக்கும் சந்தேகம். பிள்ளைகள் சொன்னால் யாரும் முறைப்பதில்லை, என்னை முறைத்தார்கள். பள்ளிக்கூடப் பையோடு நின்ற அல்லிராணியைப் பார்த்தேன்.

“ஆறாயிரத்து நானூத்தி எம்பது, மாமா” என்றாள்.

நேற்று அவளுக்குப் பொருத்துவதற்கு முன்பென்றால் அவள் சொன்னதையே ஏற்றிருப்பேன். ஆனால் முள்ளை நான் பார்த்திருந்தேன். சிவப்புக் கொடியை ஏற்றினேன்.

கொடி ஏறினால் அத்தனையும் இறங்க வேண்டும், ஒவ்வொரு எடையையும் சாக்குக்கட்டியால் பலகையில் எழுத வேண்டும். வசவு கேட்டபடி ஒரு மணி நேரம் எழுதினேன். சந்தானம் தினமும் கொண்டுபோவது நான்கு நண்டுப் பெட்டி, முன்பதிவிலும் நான்குதான். அன்று ஆறு கொண்டுவந்தவர் பதிவை மாற்ற மறந்துவிட்டார். செவித்துணைக்குத் தெரிந்தது முன்பதிவு மட்டுமே. ஐம்பது கிலோப் பெட்டி இரண்டைத் துறையில் இறக்கிவிட்டோம். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை; நானும் எதிர்பார்க்கவில்லை.

படகு கிளம்புமுன் அல்லிராணி என் பக்கத்தில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

“நானும் தட்டுக்கிட்டதான் நின்னேன் மாமா. முள்ளப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். கூட்டணும்னுதான் நெனச்சேன். ஆரம்பிக்கறதுக்குள்ள விடை வந்துட்டு.”

“அது பொருத்துனவங்க எல்லாருக்கும் வர்றதுதானே. தப்புன்னு ஒனக்குத் தோணலயா?”

“இல்ல மாமா” என்றாள். “நானே கூட்டுன மாதிரி இருந்துச்சு.”