பிரஷ் கூட்டி வந்தவள்

வாழவந்தியில் ரைட்டர் வீட்டுக்கு நான் மறுபடி போனபோது பகல் பதினொரு மணி. பனிமூட்டத்தில் வாசலை ஒட்டிய காபிச் செடிகள்கூடத் தெரியவில்லை. ஏட்டு பொன்னுவேல் பூட்டைத் திறந்துவிட்டு, "நான் வெளிய நிக்கறனுங்க மேடம்," என்றார். கொலை நடந்த வீடு. மனுஷனைக் குறை சொல்ல முடியாது.

நான் தேவகுமாரி, கைரேகை நிபுணர். பன்னிரண்டு வருஷ சர்வீஸ். அந்தத் திமிர்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு காலையில், வெள்ளக்கடையில் கனகா என்ற காபி எஸ்டேட் தொழிலாளி வீட்டுக்குள் செத்துக் கிடந்தாள். மாரடைப்பு என்பது பிறகுதான் தெரிந்தது. அன்று சந்தேகத்தில் என்னை அழைத்தார்கள். கதவு, தகரப்பெட்டி எல்லாவற்றிலும் கரும்பொடி தடவினேன். அன்று மாலையே இந்த வீட்டில் எஸ்டேட் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற ரைட்டரைக் கொன்றுவிட்டார்கள். அதே பிரஷைப் பூட்ஸில் இரண்டு தட்டு தட்டி, இந்தப் பீரோவிலும் தடவினேன்.

பீரோவில் கிடைத்த டி.என்.ஏ. கனகாவின் கணவன் யுவராஜுடையதாம். மனைவி சாவு வழக்குக்காக அவனிடம் எடுத்து வைத்த மாதிரியோடு பொருந்திவிட்டது. அவனை ஜெயிலில் போட்டார்கள்.

அவன் வீட்டுக் கதவிலிருந்த வியர்வையை என் பிரஷ்தான் இங்கே கொண்டுவந்து அப்பியிருக்கிறது. அறிக்கையைப் படித்ததுமே எனக்குப் புரிந்தது. வேலைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

கோர்ட் விசாரணைக்கு முன் இந்த வீட்டிலிருந்து இன்னும் சில ரேகைப் படங்கள் கேட்டிருந்தார்கள். இம்முறை உறை பிரிக்காத புதுப் பிரஷ், புதுக் கையுறை. பீரோவில் மெல்லத் தடவினேன்.

ஒரு கை எழும்பி வந்தது.

சின்னக் கை. பெண்ணுடையது. கட்டைவிரலில் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு. வெள்ளக்கடையில் அந்த விரலில் மை தடவி ரேகை எடுத்தவளே நான்தான். அப்போது அது சில்லிட்டுக் கிடந்தது.

பக்கத்துச் சுவரில் தடவினேன். அதே கை.

ஜன்னல் கட்டையில். அதே கை.

நான் சாய்ந்து நின்ற கதவு நிலையில் பொடி தடவவே இல்லை. அதில் அதே கை தானாகக் கருத்து எழுந்தது.

ஊறிய காபிப் பழத்தின் புளித்த வாடை என் தோள்மேல் வந்து நின்றது.

"ஏனுங்க... எங்கூட்டுக்காரரு இந்த ஊட்டுக்கு வந்ததே இல்லீங்க."

திரும்பினேன்; பின்னால் யாரும் இல்லை.

"நாந்தானுங்க வந்தேன். நீங்கதானுங்க கூட்டியாந்தீங்க."

அன்றே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். பழைய பிரஷைச் சோதனைக்கு அனுப்பினார்கள். அந்த மயிர்க்கட்டில் யுவராஜ் இருந்தான், கனகா இருந்தாள், ரைட்டரும் இருந்தார். யுவராஜை விட்டுவிட்டார்கள். எனக்கு மெமோ கொடுத்ததோடு சரி.

மன்னிப்புக் கேட்க வெள்ளக்கடைக்குப் போனேன். என்னைக் கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்து, யுவராஜ் வாசற்படியில் உட்கார்ந்தான். ரைட்டர் வீட்டில் கேட்டதையும் ஒளிக்காமல் சொன்னேன். அவன் திரும்பி வீட்டுக்குள் பார்த்தான்.

"ஜெயில்ல இருந்து வந்து ஒரு வாரமாச்சுங்க. இங்க எங்கயும் அவ இல்லீங்க," என்றான். "நொம்பத் தேடுனனுங்க."

"என்னை மன்னிச்சிடுங்க, யுவராஜ்."

"பரவால்லீங்க. அவ உங்ககூடவே இருக்கட்டுங்க. இன்னொருத்தன உள்ள தள்ளாம பாத்துக்குவா."

கட்டிலில் எனக்குப் பக்கத்தில் கயிறு மெல்ல இறங்கியது.